படுத்துக்கொண்டு ஓட்டும் சைக்கிளுக்கு என்ன விலை?

மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும் வங்கி உத்தியோகஸ்தன் வீட்டில் சாமான்களுக்கு வயது வருஷக் கணக்கில் கிடையாது, ஊர்க் கணக்குதான். "இது நாக்பூர் மிக்ஸி, அது போபால் கட்டில்" என்றுதான் என் மனைவி சொல்வாள். ஒவ்வொரு மாற்றலுக்கும் பாதிச் சாமானை விற்று, அடுத்த ஊரில் அதே சாமானை மறுபடி வாங்கி, இருபது வருடத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரியின் அனுபவம் எனக்கு வந்துவிட்டது. பி.காம். படித்ததற்கு இப்படியும் ஒரு பயன்.

சண்டிகருக்கு வந்த பிறகு இந்தப் புகழ் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பழைய ஏசி, பழைய ஆக்டிவா, யாரோ ஒருவரின் மகள் வாசிப்பதை விட்டுவிட்ட கீபோர்டு, எதை விற்பதானாலும் "மாடியில் இருக்கும் மதராஸி பேங்க்காரரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். (தமிழன் என்று திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன்.) அப்படி 2024 நவம்பரில் என் கைக்கு வந்ததுதான் இந்தச் சைக்கிள். இதுவரை நான் விலை சொன்ன பொருட்களிலேயே இதற்குத்தான் அதிகம் தலையைச் சொறிந்தேன். விலை சொல்வதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நடுவில் முளைத்ததால் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. எழுபத்தைந்து வயது. தெருவுக்கே ஆன்ட்டிஜி. என்னைப் "புத்தர்" என்று கூப்பிடுவார். உடனே போதி மரத்தையெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம், பஞ்சாபியில் புத்தர் என்றால் மகனே என்று அர்த்தம். அவருடைய கணவர், சர்தார்ஜி அங்கிள், ரிட்டயர் ஆன பிறகு கனடாவில் மகன் வீட்டில் சில வருடம் இருந்தவர். முட்டி வலி, கூடவே தலைசுற்றல். இரண்டு சக்கரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சைக்கிள் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அதனால் 2018-ல் மகன் ஒரு ரெகம்பண்ட் ட்ரைக் வாங்கிக் கொடுத்தான். 2019-ல் ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு அதையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். 2023 கோடையில் அங்கிள் காலமானார். அதிலிருந்து வண்டி போர்ட்டிகோவில் படுதா போர்த்தி நின்றது.

தெரியாதவர்களுக்காக: ரெகம்பண்ட் ட்ரைக் என்பது சாய்வு நாற்காலிக்கு மூன்று சக்கரம் வைத்தது போல இருக்கும். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்ந்து உட்கார்ந்து காலை முன்பக்கம் நீட்டிப் பெடல் செய்ய வேண்டும். முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் பாரம் இல்லை. பேலன்ஸ் தேவையே இல்லை, நின்ற இடத்திலும் விழாது. அமெரிக்காவின் கேட்ரைக், டெர்ரா ட்ரைக், இங்கிலாந்தின் ஐ.சி.ஈ., ஜெர்மனியின் எச்.பி. வெலோடெக்னிக் எல்லாம் இந்த வகையில் பேர் போன கம்பெனிகள். அங்கிளின் வண்டியில் பெடல் அருகே ஒரு சீன மோட்டாரும், சீட்டுக்குப் பின்னால் 36 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும் தனியாகப் பொருத்தியிருந்தார்கள். நாம் மிதித்தால் மோட்டார் கை கொடுக்கும்.

இவ்வளவு சௌகரியமான வண்டி ஏன் ஊரெல்லாம் ஓடவில்லை என்று கேட்கலாம். 1933-ல் பிரான்சில் ஃபிரான்ஸிஸ் ஃபோர் என்பவர் இப்படிப் படுத்து ஓட்டும் இரண்டு சக்கர சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டி, 1914-லிருந்து நின்ற சாதனையை முறியடித்தார். 1934-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதி, இந்த ரகத்தை வெளியே தள்ளிவிட்டது. பந்தயத்தில் இல்லாததைப் பெரிய கம்பெனிகள் செய்யவில்லை. எண்ணிக்கை குறைந்தால் விலை கூடும். விலை கூடினால் எண்ணிக்கை இன்னும் குறையும். முதல் வருட எகனாமிக்ஸ் பாடம்.

சரி, விலைக்கு வருவோம்.

எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் விலை சொல்லிவிட்டிருந்தார்கள். பழைய சாமான் எடுக்கும் கபாடிவாலா எடை போட்டுப் பார்த்து 3,000 ரூபாய் என்றான். கனடா மகன் வாட்ஸப்பில், "புதுசு 5,500 டாலர், குறைந்தது இரண்டரை லட்சத்துக்கு விற்க வேண்டும்" என்றான். இரண்டுமே ஒரு வகையில் சரி. ஒன்று உலோகத்தின் விலை, இன்னொன்று ஞாபகத்தின் விலை. விற்கும் விலை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஆன்ட்டிஜி ஸ்டீல் டம்ளரில் டீயைக் கொடுத்துவிட்டு, "நீ பேங்க்காரன் புத்தர், நீ சொல்வதுதான் விலை" என்றார்.

பேங்க்காரன் முதலில் பார்ப்பது காகிதம். கார், ஸ்கூட்டர் என்றால் ஆர்.சி., ஃபாரம் 29, 30, வேறு மாநிலத்துக்குப் போனால் தடையில்லாச் சான்று என்று அலைய வேண்டும். மாற்றலில் அலைந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். மின்சார சைக்கிளுக்கு இவை வேண்டாம், ஆனால் அளவுக்குள் இருந்தால் மட்டும். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாமல், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஆனால் வண்டி வந்தது கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து. அங்கே 500 வாட், 32 கிலோமீட்டர் வரை சைக்கிள் என்றே ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே சைக்கிளாக இருப்பது இங்கே பதிவு செய்யாத மோட்டார் வண்டியாகிவிடலாம். டார்ச் அடித்து மோட்டாரின் அடியில் இருந்த லேபிளைப் படித்தேன். 250 வாட். அப்பாடா. வேக வரம்பு மட்டும் 32-ல் இருந்தது. டிஸ்ப்ளேயில் அதை 25-க்கு மாற்றினேன்.

அடுத்தது பேட்டரி. மின்சார வண்டி எதை விற்றாலும் பாதிப் பேச்சு பேட்டரியைப் பற்றித்தான் இருக்கும். போர்ட்டிகோச் சுவரில் அங்கிள் கைப்பட எழுதி ஒட்டிய ஒரு தாள் இருந்தது: மாதம் ஒரு முறை சார்ஜ் போடவும். ஆன்ட்டிஜி, அங்கிள் போன பிறகும், யாரும் ஓட்டாத வண்டிக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி தவறாமல் சார்ஜ் போட்டிருக்கிறார். ஒரு வருடத்துக்கும் மேலாக. அதனால்தான் பேட்டரி அடியோடு செத்துப் போகாமல் இருந்தது. லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வைப்பதுதான் உத்தமம், முழுக்க ஏற்றிச் சண்டிகர் ஜூன் வெயிலில் வைத்தால் சீக்கிரம் தேயும் என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் அவரிடம் சொன்னேன்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க இந்த ஊர் மாதிரி வசதி வேறெங்கும் கிடையாது. கார்பூசியே போட்ட கட்டம். ஒரு செக்டர் 800 மீட்டருக்கு 1,200 மீட்டர். ஒரு சுற்று வந்தால் 4 கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழு சார்ஜ் ஏற்றி, உதவி அளவை இரண்டில் வைத்து, சைக்கிள் பாதையில் செக்டரைச் சுற்றக் கிளம்பினேன். குச்சியில் ஆரஞ்சுக் கொடி கட்டிக்கொண்டுதான். வண்டி தாழ்வாக இருப்பதால் கொடி இல்லாவிட்டால் கார்க்காரர்கள் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். என்னோடு இரண்டு சுற்று ஒரு நாயும் வந்தது. ஏழு பேர் செல்ஃபி எடுத்தார்கள். ஏழாவது சுற்றின் நடுவில் மோட்டார் நின்றுவிட்டது. 26 கிலோமீட்டர். புதிதாக இருந்தபோது இதே அளவில் 50 கிலோமீட்டர் போனதாக அங்கிளின் நோட்டில் இருந்தது. ஆக, பாதி உயிர்தான் மிச்சம். (மீதி இரண்டு கிலோமீட்டரை வெறும் காலால் மிதித்தேன். அது தனிக் கதை.)

மாற்றுப் பேட்டரியை மகன் வரும்போது கொண்டுவரலாமே என்று ஆன்ட்டிஜி கேட்டார். முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பெட்டியிலும் வைக்கக்கூடாது, கையிலும் எடுத்துப் போகக்கூடாது. இது 504. அதனால் உள்ளூரில்தான் செய்ய வேண்டும். நல்லவேளையாக 100 கிலோமீட்டரில் லூதியானா. இந்திய சைக்கிள் தொழிலின் தலைநகரம். அங்கே ஒருவர் இதே அளவுக்குப் புது பேட்டரி கட்டித் தர 19,000 ரூபாய் சொன்னார். சக்கரம் 20 அங்குலம், நம் பிள்ளைகள் சைக்கிள் அளவுதான், டயர் கிடைக்கும். செயின்தான் சாதாரண சைக்கிளைப் போல மூன்று மடங்கு நீளம், மூன்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. வங்கிக்கு அடமானச் சொத்தை மதிப்பிட்டுத் தருபவர்கள் மூன்று எண் தருவார்கள்: சந்தை மதிப்பு, கையில் பெறக்கூடிய மதிப்பு, அவசரத்துக்கு விற்றால் வரும் மதிப்பு. அதே மாதிரி ஒரு தாள் போட்டேன்.

வண்டி ஒரே பொருள் இல்லை. மூன்று பொருள், மூன்றுக்கும் மூன்று ஆயுள். வண்டி, சீட், சக்கரம் எல்லாம் சேர்ந்து வாங்கிய விலை 4,000 டாலர், டாலருக்கு 60 ரூபாய் வைத்து 2,40,000. அலுமினியச் சட்டம், துரு இல்லை, விரிசல் இல்லை. ஆறு வருடத்துக்கு வருடம் 15 சதவீதம் குறையும் மதிப்பில் கழித்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 90,500. மோட்டார் 45,000-க்கு வாங்கியது, ஓடியது 4,860 கிலோமீட்டர்தான், அதே கணக்கில் 17,000. பேட்டரியும் 45,000-க்கு வாங்கியது. அதற்குப் பூஜ்யம் போட்டேன். பாதி உயிர் இருக்கிற பேட்டரிக்குப் பாதி விலை கிடையாது. வாங்குபவர் இன்றோ அடுத்த வருடமோ 19,000 எடுத்து வைக்கத்தான் வேண்டும். வெடித்துப் போன டயர்கள், பிரேக் கேபிள், செயின் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் 7,500 கழித்தால் சரியாக ஒரு லட்சம். கப்பல் கூலியைச் சேர்க்கவில்லை. அது அங்கிள் தன் ஆசைக்குச் செலவழித்தது, வாங்குபவர் தலையில் கட்ட முடியாது.

ஒரு லட்சம் என்பது வாங்க ஆள் வரிசையில் நின்றால். இந்த வண்டிக்கு வட இந்தியா முழுக்கச் சல்லடை போட்டாலும் பத்துப் பேர் தேறுவார்களா என்பது சந்தேகம். அகலம் முக்கால் மீட்டருக்கு மேல், நீளம் ஒரு ஆள் உயரம். ஃபிளாட்டில் லிஃப்டுக்குள் போகாது, தரைத்தள வீடு வேண்டும். அதனால் கையில் பெறக்கூடிய மதிப்பு 85,000, அவசரம் என்றால் 70,000. தாளை மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள், "சரி பாஜி, அம்மா சொன்னபடி செய்யுங்கள்" என்று வந்தது.

விளம்பரம் போட்டவுடன் முதலில் வந்தவர் "ராணுவ அதிகாரி". வண்டியைப் பார்க்காமலேயே முழு விலைக்கும் சம்மதம். பணம் அனுப்ப ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்புகிறேன், ஆன்ட்டிஜியை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்லுங்கள் என்றார். உறவினர்கள் எல்லோருக்கும் ஒரு முறை சொல்லி வையுங்கள்: யூ.பி.ஐ.-யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். பிறகு குர்கானிலிருந்து ஒரு சைக்கிள் பிரியர் பேசினார். விவரம் தெரிந்தவர். 95,000 என்று ஆரம்பித்தார். பேட்டரி சோதனையைச் சொன்னதும் 80,000-க்கு வந்து நின்றார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.

மூன்றாவதாகத்தான் என் சிக்கல் வந்தது.

செக்டர் 31 முருகன் கோயில் சண்டிகர்த் தமிழர்களுக்குக் கோயில் மட்டும் இல்லை. வேலை, வாடகை வீடு, மாப்பிள்ளை, இட்லி அரிசி எல்லாத் தகவலும் அங்கேதான் பரிமாறப்படும். அங்கே இந்த வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு பஞ்ச்குலாவிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார்கள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் கோவில்பட்டி. அரை நிமிஷத்தில் அக்கா, தம்பி ஆகிவிட்டோம். அவர்கள் வீட்டு அண்ணாச்சிக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம். உயிருக்கு மோசமில்லை, பேச்சு கொஞ்சம் இழுக்கும், இடது கை, இடது கால் பலம் குறைவு. மெதுவாக நடப்பார், பேலன்ஸ் இல்லை. வெளியே போவதென்றால் யாராவது கூட வர வேண்டும். தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் போய்விட்டது. இந்த மாதிரி வண்டி ஓட்டலாம், ஆனால் பழகிப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார்.

ஆன்ட்டிஜியின் ஹாலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா டீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்கள். "தம்பி, நாம நமக்குள்ள பேசிக்கிடுவோம். அந்தம்மாவுக்கு என்ன குறை, பையன் கனடால இருக்கான். ஒரு அம்பதுக்கு முடிச்சுக் கொடுங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு நம்மதான செய்யணும்."

ஆன்ட்டிஜி எதிரிலேயே உட்கார்ந்து புன்னகையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மதராஸிகள் தங்கள் பாஷையில் பேசுவதைக் கேட்க அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

வெளியூரில் இருக்கும் நாம் எல்லோரும் இதைச் செய்வோம். காய்கறிக்காரன் முன்னால், ஆட்டோவில், வீட்டு ஓனர் முன்னால். "வேண்டாம்னு சொல்லு, குறைப்பான்." தமிழ் நமக்கு வெளியூரில் ஒரு ரகசிய அறை. அதில் ஒரு சுகம் இருக்கிறது, தப்பும் பெரிதாக இல்லை. காய்கறிக்காரனிடம் நாம் வாங்குபவர், அவன் விற்பவன், அவன் பக்கத்தை அவன் பார்த்துக்கொள்வான். இங்கே அப்படி இல்லை. ஆன்ட்டிஜியின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள அவர் வைத்திருந்த ஆள் நான்தான். அவர் முன்னாலேயே, அவருக்குப் புரியாத பாஷையில், அவர் பொருளின் விலையை நான் குறைத்தால் அதற்கு வங்கியில் வேறு பெயர் உண்டு.

இன்னொரு பக்கம், அக்கா கேட்டது பேராசை இல்லை. அண்ணாச்சியின் வைத்தியத்துக்கே நிறையப் போயிருக்கிறது. அந்த வண்டி யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் குர்கானுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் இந்தியில் பதில் சொன்னேன். "அக்கா 50,000-க்குக் கேட்கிறார்கள் ஆன்ட்டிஜி. கணவருக்குப் பக்கவாதம், அவருக்காக. விலையை நான் பேசினால் சரியாக இருக்காது. இதோ நான் போட்ட தாள். உங்களுக்குக் காட்டிய அதே தாள்தான்." தாளை அக்கா கையில் கொடுத்தேன். பேட்டரிக்குப் பூஜ்யம் என்பதும் அதில் இருக்கிறது, 70,000 என்ற கடைசி எண்ணும் இருக்கிறது. விற்கிறவன் கீழ் எண்ணை வாங்குபவருக்குக் காட்டக்கூடாது என்பார்கள். ஆனால் நான் விற்பவனும் இல்லை, வாங்குபவனும் இல்லை. இரண்டு பேர் நம்பிக்கையும் என் கையில் இருக்கும்போது இரண்டு தாள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. குர்கான்காரர் 80,000 சொன்னதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. தமிழில் கேட்டதற்கு இந்தியில் பதில் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். டீச்சர் இல்லையா, கூட்டலையும் சரிபார்த்தார்கள்.

பிறகு பேசியது ஆன்ட்டிஜி. அண்ணாச்சிக்கு எந்தக் கை, எந்தக் கால் என்று கேட்டார். சீட்டிலிருந்து அவரால் எழுந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். "அவருக்கே கடைசி வருடம் என் தோளைப் பிடித்துத்தான் எழ முடிந்தது" என்றார். அவர் சொன்ன முடிவு இது: விலை 80,000, குர்கான்காரர் சொன்ன அதே விலை, ஒரு ரூபாய் குறையாது. ஆனால் 10,000 மட்டும் கொடுத்து வண்டியைக் கொண்டுபோகலாம். பதினைந்து நாள் ஓட்டிப் பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு 10,000-ஐத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒத்துவந்தால் மீதி 70,000-ஐ மாதம் 10,000 வீதம். வட்டி கிடையாது.

இருபது வருடமாகக் கடன் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. விலையில் தயவு காட்டினால் வாங்குபவருக்குக் கடமைப்பட்ட உணர்ச்சி, விற்பவருக்கு ஏமாந்தோமோ என்ற உறுத்தல். தவணையில் தயவு காட்டினால் இரண்டும் இல்லை. அக்காவுக்கு உண்மையில் பயம் 30,000 ரூபாய் வித்தியாசத்தைப் பற்றி மட்டும் இல்லை. இவ்வளவு பணம் போட்டு வாங்கி, அவரால் ஓட்ட முடியாமல், அதுவும் வாசலில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால்? அந்தப் பயத்துக்கு மருந்து 50,000 இல்லை, பதினைந்து நாள்.

மறுநாள் சோட்டா ஹாத்தியில் ஏற்றி பஞ்ச்குலாவுக்கு அனுப்பினோம். முதல் மூன்று நாள் அண்ணாச்சி நகரவே இல்லை. இடது கால் பெடலில் நிற்காமல் நழுவியது. இந்த வண்டியில் ஓடும்போது கால் நழுவித் தரையில் பட்டால் ஆபத்து, வண்டி முன்னால் போகப் போகக் கால் அடியில் இழுபட்டுவிடும். குதிகாலையும் பாதத்தையும் பிடித்து வைக்கும் தொட்டில் மாதிரியான பெடல் வேண்டும். இடது கையால் பிரேக்கை அழுத்தவும் முடியவில்லை. ஒரே லீவரில் முன் சக்கரங்கள் இரண்டும் நிற்கும்படி வலது கைக்கு மாற்ற வேண்டும். லூதியானா மெக்கானிக் இரண்டையும் 4,500 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். இதை விலையில் கழிக்கலாமா என்று அக்கா கேட்டார்கள். இல்லை என்றேன். அது வண்டியின் குறை இல்லை, ஓட்டுபவரின் தேவை. இந்த முறை தமிழிலேயே சொன்னேன், ஏனென்றால் ஆன்ட்டிஜிக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. அக்கா சிரித்துவிட்டார்கள்.

பன்னிரண்டாவது நாள் அண்ணாச்சி தனியாகப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தார். 300 மீட்டர். அக்கா கொடியைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றார்களாம். அன்று இரவே ஆன்ட்டிஜிக்குப் போன் செய்து வண்டியை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இவர்கள் இந்தியும் அவர்கள் பஞ்சாபியும் அரைகுறையாகக் கலந்து அரை மணி நேரம் பேசினார்கள். எனக்கு வேலையே இல்லை.

ஏழு தவணையும் தேதி தவறாமல் வந்தன. (என் கிளையில் எல்லோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.) சொந்த உபயோகத்தில் இருந்த வண்டி மூலதனச் சொத்து ஆகாது, அதனால் ஆன்ட்டிஜிக்கு வரி எதுவும் இல்லை. 80,000-ஐயும் எங்கள் கிளையிலேயே டெபாசிட் போட்டார். டார்கெட் முடிய அது போதாது, ஆனாலும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மாற்றலுக்குத் தயாராகிறவர்கள், பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன வண்டியை விற்க வேண்டியவர்கள், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மின்சார ஸ்கூட்டர், மின்சார சைக்கிள், ட்ரைக் எதற்கும் பொருந்தும்.

1. வாங்கிய வருடம், விலை, பில். ஆர்.சி. இல்லாத வண்டிக்கு பில்லும் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும்தான் அத்தாட்சி. விற்கும் ரசீதிலும் அந்த எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

2. மோட்டார் எத்தனை வாட், வேக வரம்பு எவ்வளவு. 250-க்கும் 25-க்கும் மேலே என்றால் கதையே வேறு.

3. முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், நீங்களே ஓட்டி அளந்தது. டிஸ்ப்ளேயில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம்.

4. புது பேட்டரி உள்ளூரில் என்ன விலை.

5. உடனே மாற்ற வேண்டியவை, அதற்கு ஆகும் செலவு.

6. மூன்று விலை: ஆள் நிறைய இருந்தால், காத்திருந்தால், அவசரமென்றால்.

எழுதி முடித்ததும், வாங்க வருபவர் கையில் அதை அப்படியே கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எந்த வரியைக் கொடுக்க மனம் வரவில்லையோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

எனக்கு அடுத்த மாற்றல் உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். நாக்பூர் மிக்ஸிக்கு என்ன விலை போடுவது என்று மனைவி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.